இருட்டறையும் ஊசிமருந்தும்: ஒற்றைத் தலையிடி வீட்டுக்குத் திரும்பிய வரலாறு

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்து அறை மாதத்தில் சில நாள்கள் அம்மாவுக்கு உரியதாகிவிடும். யன்னல்கள் சாத்தப்படும். யன்னற் சேலைக்கு மேலே ஒரு பழைய போர்வையும் தொங்கும். நெற்றியைச் சுற்றித் துணியொன்றை இறுகக் கட்டிக்கொண்டு, சத்தி எடுப்பதற்காக அருகில் ஒரு வாளியும் வைத்துக்கொண்டு அவர் படுத்திருப்பார். வேர்க்கொம்பை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவது அம்மம்மாவின் வேலை. அடுக்களையில் தாளிக்கும் மணம் அந்த அறைக்குப் போகாமற் பார்ப்பது அக்காவின் வேலை. வானொலிப் பெட்டியை நிறுத்துவதும் வாயை மூடிக்கொண்டிருப்பதும் என்னுடைய வேலைகள். ஒற்றைத் தலையிடி என்று வீட்டில் அதற்குப் பெயர். கபாலக் குத்து என்பார் அம்மம்மா.

1984 ஆம் ஆண்டு, நான் உயர்தர வகுப்பிற் படித்துக்கொண்டிருந்தபோது, மூன்று நாள்களாகியும் வலி தணியாதிருந்தமையால் அம்மாவை வைத்தியசாலை ஒன்றுக்குக் கூட்டிச் சென்றேன். வெளிநோயாளர் பிரிவின் நீண்ட வாங்கு, தலைக்கு மேலே மினுங்கி மினுங்கி எரிந்த குழல் விளக்கு, கிருமிநாசினியின் நெடி, குழந்தைகளின் அழுகுரல் ஆகியவற்றுக்கு நடுவே மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். முடிவிற் கிடைத்தவை வீட்டில் ஏற்கெனவே இருந்த அதே வெள்ளைக் குளிசைகள். திரும்பி வரும்போது அம்மா சொன்னார்: “தம்பி, இனி என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாதை. அந்த வெளிச்சமே என்னைக் கொல்லுது.”

நோயாளியின் பிடிவாதம் என்றே அதனை அப்போது எண்ணினேன். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து, மருத்துவப் பக்கங்களுக்காக இந்நோயின் வரலாற்றைப் படிக்க நேர்ந்த பின்னரே, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுக் கால வரலாறு அம்மாவின் பக்கம் நிற்பதை அறிந்தேன். அந்த வரலாற்றின் ஒரு பகுதி அம்மாவுக்கு எதிராகவும் நிற்கின்றது. எனக்கு எதிராகவும் நிற்கின்றது. இவ்விரண்டையுமே இங்கு எழுத விரும்புகின்றேன்.

பாதித் தலையின் நோய்

தலையின் ஒரு பாதியில் வலிக்கும் இந்நோயைப் பண்டைய கிரேக்க மருத்துவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவராகக் கருதப்படும் கப்படோசிய நாட்டு அரிட்டேயஸ், இந்நோயாளர் ஒளியைக் கண்டு ஓடுவதையும் இருள் அவர்களுக்கு ஆறுதல் தருவதையும் குறித்து வைத்திருக்கின்றார். அதே நூற்றாண்டிற் புகழ்பெற்று விளங்கிய கேலன் இதனை ‘ஹெமிக்கிரேனியா’ என்றார். பாதி மண்டையோடு என்பது அதன் பொருள். அச்சொல்லே பல மொழிகளிற் புரண்டு, பிரெஞ்சு மொழியில் ‘மிக்ரேன்’ ஆகி, இன்று உலகெங்கும் ‘மைக்ரேன்’ என வழங்குகின்றது. நாம் ‘ஒற்றை’ என்று சொல்வதும் கேலன் ‘பாதி’ என்று சொன்னதும் ஒரே அனுபவத்தைத்தான்.

ஆக, இருட்டறை எந்த மருத்துவரும் கண்டுபிடித்துக் கொடுத்த சிகிச்சையன்று. நோயாளர்கள் தாமே கண்டுகொண்டதை மருத்துவர்கள் பார்த்து எழுதி வைத்தனர். மருத்துவர்கள் தம் பங்குக்குக் கொண்டுவந்தவையோ வேறு வகையானவை. ரோமப் பேரரசர் குளோடியஸின் காலத்து மருத்துவரான ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலையிடிக்கு உயிருள்ள மின்திருக்கை மீனை வலிக்கும் இடத்தில் வைத்து, அவ்விடம் மரத்துப்போகும் வரை விட்டுவைக்குமாறு எழுதினார். நகைப்பிற்குரியதாகத் தோன்றும் இந்த யோசனை முற்றிலும் வீணாகவில்லை. நெற்றியில் அணிந்து, மெல்லிய மின்தூண்டல் மூலம் நரம்பை அமைதிப்படுத்தும் சிறு கருவியொன்றுக்கு 2014 ஆம் ஆண்டு அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் அனுமதி வழங்கியது. அதனை நோயாளி வீட்டிலிருந்தவாறே பயன்படுத்தலாம். மீனின் இடத்துக்கு மின்கலம் வர ஏறத்தாழ 2000 ஆண்டுகள் சென்றன.

ஆன் கொன்வே சீமாட்டியின் அறை

இந்த வரலாற்றில் என் மனத்தை விட்டு அகலாத ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆன் கொன்வே சீமாட்டி. 1631 ஆம் ஆண்டு பிறந்த இவருக்குப் பன்னிரண்டு வயதளவிற் காய்ச்சல் ஒன்று வந்தது. அதன் பின் தொடங்கிய தலையிடி சாகும்வரை அவரை விடவில்லை. செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பமாதலால், அந்த நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவர்கள் அனைவரும் அவருடைய கட்டிலருகே வந்து போயினர். குருதிச் சுற்றோட்டத்தைக் கண்டறிந்த வில்லியம் ஹார்வி அவர்களுள் ஒருவர். மூளையின் உடற்கூற்றை ஆராய்ந்து பெயர்பெற்ற தோமஸ் வில்லிஸ் மற்றொருவர். இரசாயன அறிஞர் ரொபேர்ட் பொயிலும் தாம் தயாரித்த மருந்தொன்றைப் பரிந்துரைத்தார்.

அவர்கள் செய்தவற்றைப் படிக்கையில் நமக்கே தலை வலிக்கும். குருதியை வடித்தனர். பாதரசக் களிம்பு பூசி, வாயிலிருந்து உமிழ்நீர் பெருகி வழியச் செய்தனர். பல ஊர்களின் கனிம ஊற்று நீரைக் குடிப்பித்தனர். 1656 ஆம் ஆண்டு, மண்டையோட்டைத் துளைக்கும் சிகிச்சைக்காக அவர் பிரான்சுக்கே சென்றார். அங்கிருந்த சத்திர வைத்தியர்கள் அதற்குத் துணியாமல், கழுத்தின் குருதிக் குழாயைத் திறந்து இரத்தத்தை வெளியேற்றியதோடு நிறுத்திக்கொண்டனர். 1666 ஆம் ஆண்டு, கையாற் தடவியே நோய் தீர்ப்பவர் எனப் பெயர்பெற்ற கிரேட்றேக்ஸ் என்பவர் அயர்லாந்திலிருந்து வரவழைக்கப்பட்டார். ஊரார் பலர் தமக்குக் குணம் கண்டதாகக் கூறினர். சீமாட்டிக்கு மட்டும் எப்பயனும் கிட்டவில்லை.

வலி உச்சத்திலிருக்கும்போது அவர் எப்படி இருந்தார் என்பதை வில்லிஸ் 1672 ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில், நோயாளியின் பெயரைச் சொல்லாமல், எழுதியிருக்கின்றார். அறையை இருட்டாக்கி, ஒளி, ஓசை, பேச்சு எல்லாவற்றையும் விலக்கி, உணவும் உறக்கமும் இன்றிக் கட்டிலில் அவர் அமர்ந்திருப்பாராம். அதைப் படித்தபோது எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்து அறை என் கண்முன் வந்தது. தலைசிறந்த மருத்துவர்கள் அத்தனை பேர் முயன்றும் சீமாட்டிக்கு உதவியது அவருடைய சொந்த வீட்டின் இருளே.

வலி ஓய்ந்த நாள்களில் அவர் கிரேக்கமும் ஹீப்ரூவும் படித்தார்; கேம்பிரிட்ஜ் தத்துவஞானி ஹென்றி மோருடன் கடிதம் மூலம் விவாதித்தார். 1679 ஆம் ஆண்டு அவர் இறந்த பின், அவருடைய தத்துவக் குறிப்புகள் 1690 ஆம் ஆண்டு இலத்தீன் மொழியில் நூலாக வெளியாயின. ஜேர்மன் தத்துவஞானி லைப்னிட்ஸ், தம் கருத்துகள் அவருடைய கருத்துகளுக்கு நெருக்கமானவை என மதிப்புடன் குறிப்பிட்டுள்ளார். தலையிடியைச் சாட்டி வேலைக்குக் கள்ளம் அடிக்கின்றாள் என்று வீட்டுப் பெண்களைப் பழிப்போர் இந்தச் சீமாட்டியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

வைத்தியசாலை வென்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கண்ணோட்டம் மாறத் தொடங்கியது. 1873 ஆம் ஆண்டு எட்வேர்ட் லிவிங் என்ற பிரித்தானிய மருத்துவர் இந்நோய் பற்றித் தனி நூலொன்றை வெளியிட்டு, இது மூளையில் எழும் ‘நரம்புப் புயல்’ என வாதிட்டார். வேறு சிலர் குருதிக் குழாய்களே காரணம் என்றனர். இந்த விவாதம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

பயன்தரும் முதல் மருந்து ஒரு நஞ்சிலிருந்து வந்தது. ‘றை’ என்னும் தானியக் கதிரில் வளரும் எர்கொட் என்ற பூஞ்சணம், இடைக்கால ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கானோரின் கைகால்களை அழுகச் செய்தது. குருதிக் குழாய்களை அது கடுமையாகச் சுருக்குவதே இதற்குக் காரணம். அதே பூஞ்சணத்தைப் பிரசவ வேளையில் மருத்துவிச்சிகள் பயன்படுத்தியும் வந்தனர். 1918 ஆம் ஆண்டு சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் ஆதர் ஸ்டோல் என்ற இரசாயன அறிஞர் அதிலிருந்து எர்கொட்டமைன் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். 1920களின் நடுப்பகுதியில் அது ஒற்றைத் தலையிடிக்குப் பயன்படத் தொடங்கியது. அதன் வழித்தோன்றலான டைஹைட்ரோ எர்கொட்டமைன் 1940களில் வந்தது.

இந்த இரண்டாவது மருந்தே தீராத தலையிடிக்காரரை வைத்தியசாலைக் கட்டிலுக்குக் கொண்டு சேர்த்தது. 1986 ஆம் ஆண்டு, சான்பிரான்சிஸ்கோ நகரைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் நீல் ரஸ்கின், தொடர்ந்த தலையிடியால் வாடிய 55 நோயாளர்களை விடுதியில் அனுமதித்து, எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இம்மருந்தை நாளத்தின் ஊடாகச் செலுத்தினார். இரண்டு நாள்களுக்குள் 49 பேருக்கு வலி முற்றாக நீங்கியது. அதுகாறும் கைவிடப்பட்டவர்களுக்கு வைத்தியசாலை உண்மையில் உதவ முடியும் என்பதை அது நிறுவியது. இன்றும் வேறு வழியில் தணியாத வலிக்கு இம்முறை கையாளப்படுகின்றது.

ஆனால் எல்லா நாடுகளிலும், எல்லா நோயாளருக்கும், ஒவ்வொரு தடவையும் விடுதிக் கட்டில் கிடைப்பது சாத்தியமன்று. 1997 ஆம் ஆண்டு இதே மருந்து மூக்கில் விசிறும் வடிவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஊசியைத் தாமே போட்டுக்கொள்வதற்கும் சிலருக்குக் கற்பிக்கப்பட்டது. வைத்தியசாலைக்குப் போன மருந்து இவ்வாறு வீடு திரும்பத் தொடங்கியது.

ஊசி கைமாறியது

இந்தத் திரும்புதலைப் பெரும்பான்மையோருக்கு உரியதாக்கியது சுமட்ரிப்டான். பிரித்தானியாவின் கிளாக்சோ நிறுவனத்தில் பற்றிக் ஹம்ப்ரி என்ற ஆய்வாளரின் குழு 1972 இல் தொடங்கிய தேடலின் விளைவு அது. செரட்டோனின் என்ற உடற்சுரப்புக்கும் இந்த வலிக்கும் தொடர்புண்டு என்பது முன்னரே தெரிந்திருந்தது. அதன் நன்மையை மட்டும் தரும் பொருளைத் தேடியே அக்குழு ஏறத்தாழ இருபது ஆண்டுகளைச் செலவிட்டது. 1991 இல் ஐரோப்பாவிலும் 1992 இறுதியில் அமெரிக்காவிலும் இம்மருந்து அறிமுகமாயிற்று. அமெரிக்காவில் முதலில் அனுமதி பெற்றது அதன் ஊசி வடிவமே. நோயாளி வீட்டிலிருந்து தன் தொடையிற் தானே அழுத்திப் போட்டுக்கொள்ளும்படி அது அமைந்திருந்தது. அதுவரை வைத்தியரின் கையிலிருந்த ஊசி நோயாளியின் கைக்கு மாறியது. நான் அறிந்த அளவில், இந்நோயின் வரலாற்றில் இதுவே மிகப் பெரிய மாற்றம்.

வலி வராமல் தடுக்கும் மருந்தொன்று தற்செயலாக அகப்பட்டது. நெஞ்சுவலிக்காகப் புரோப்பிரனலோல் உட்கொண்ட நோயாளி ஒருவருக்குத் தலையிடியும் குறைந்ததை 1966 ஆம் ஆண்டு மருத்துவர்கள் கவனித்தனர். மலிவான அந்தக் குளிசை இன்றும் முதல்வரிசைத் தடுப்பு மருந்தாக இருக்கின்றது. ஆஸ்துமா உள்ளோருக்கு அது ஆகாது.

அதன் பின்னர் 2010 இல் போட்டொக்ஸ் ஊசி, தீராத ஒற்றைத் தலையிடிக்கென அங்கீகாரம் பெற்றது. தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில், 12 வாரங்களுக்கு ஒருமுறை அது போடப்படுகின்றது. 1990 அளவில் பீற்றர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் ஆகியோர், வலி எழும் வேளையில் நோயாளரின் கழுத்து நாளத்தில் ஓடும் குருதியில் ‘சீ.ஜீ.ஆர்.பி.’ என்னும் புரதக்கூறு மிகுவதைக் கண்டனர். ஆன் கொன்வேயின் கழுத்துக் குருதியை வெறுமனே கொட்டிவிட்ட மருத்துவம், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கழுத்தின் குருதியில் விடையைத் தேடியது. அப்பொருளைத் தடுக்கும் எரெனுமாப் என்ற ஊசி 2018 இல் அனுமதி பெற்றது. மாதம் ஒருமுறை, வீட்டிலேயே, தானே போட்டுக்கொள்வது. இதன் விலையோ நம் நாட்டின் சாதாரண சம்பளக்காரருக்கு எட்டாதது.

கிளாலி வழியாகப் போன குளிசைகள்

இனி, எனக்கு எதிராக நிற்கும் பகுதிக்கு வருகின்றேன்.

1990களின் தொடக்கத்தில் நான் கொழும்பிற் பத்திரிகையொன்றில் இரவுப் பணியில் இருந்தேன். அம்மா ஊரில். குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, மருந்துக்கும் தட்டுப்பாடு. அந்நாள்களில் இருள் மட்டுமே தாராளமாகக் கிடைத்தது. கிளாலிக் கடனீரேரி வழியாக ஊருக்குப் போவோரைத் தேடிப் பிடித்து, அவர்களிடம் பனடோல் அட்டைகளைக் கொடுத்தனுப்புவேன். அம்மா நாளுக்கு ஆறு, சில நாள்களில் எட்டு எனப் போடத் தொடங்கியிருந்தார். முன்னர் மாதத்திற் சில நாள்களே வந்த வலி, மாதத்திற் பெரும்பாலான நாள்களிலும் வருவதாகக் கடிதம் எழுதினார். நான் இன்னும் அதிகமாக அனுப்பினேன்.

1993 இல் பயணம் தடைப்பட்டு, பல வாரங்கள் எதையும் அனுப்ப இயலவில்லை. பின்னர் வந்த கடிதத்தில் அம்மா எழுதியிருந்தார்: முதற் பத்து நாளும் தலை பிளந்து சாவதுபோல இருந்தது, அதன் பிறகு, என்ன அதிசயமோ, மாதத்திற்கு இரண்டு மூன்று தரந்தான் வருகின்றது. அம்மா அதற்காக நல்லூர்க் கந்தனுக்கு நன்றி சொன்னார். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

பல ஆண்டுகளின் பின்னரே அதற்கு மருத்துவ விளக்கம் இருப்பதை அறிந்தேன். எர்கொட்டமைனை அடிக்கடி உட்கொள்வோருக்கு அம்மருந்தே தலையிடியை நீடிக்கச் செய்வதை அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த பீற்றர்ஸ், ஹோர்ட்டன் இருவரும் 1951 இலேயே எடுத்துக்காட்டியிருந்தனர். சாதாரண வலிநிவாரணிகளும் இவ்வாறு செய்யும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஏற்கெனவே தலையிடி உள்ள ஒருவர் பரசிட்டமோல் போன்றவற்றை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, எர்கொட்டமைன், டிரிப்டான் வகைகளையும் கூட்டு மருந்துகளையும் 10 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தொடர்ந்து எடுத்தால், மருந்தே நோயை வளர்க்கும். மருந்தை நிறுத்தியதும் வலி முதலில் மோசமாகும், பின் தணியும். அம்மாவின் கடிதத்தில் இருந்தது இதுதான். ஒரு தாயின் அனுபவம் ஆய்வாகாது என்பது உண்மை. ஆனால் வரைவிலக்கணத்தோடு அது வரிக்கு வரி பொருந்துகின்றது.

மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேலாகத் தலையிடி இருந்து, அவற்றுள் 8 நாள்களேனும் ஒற்றைத் தலையிடியின் இயல்புடையதாக இருப்பின், அதனைத் தீராத ஒற்றைத் தலையிடி என மருத்துவர்கள் வகைப்படுத்துகின்றனர். அந்த எல்லையை அம்மா கடந்ததில் நான் அனுப்பிய அட்டைகளுக்கும் பங்குண்டு.

வீடு எப்போது போதும்?

எனவே, வீட்டிற் சிகிச்சை செய்வதா, வைத்தியசாலைக்குச் செல்வதா என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை தெளிவானது. இந்நோய்க்கு உகந்த இடம் பெரும்பாலும் வீடுதான். ஆனால் வீட்டுக்கு இருள் மட்டும் போதாது. நோயை மருத்துவர் ஒருவர் ஒருமுறையேனும் சரியாக இனங்கண்டிருக்க வேண்டும். வலி முற்றும் வரை பொறுத்திராமல், தொடக்கத்திலேயே போதிய அளவு மருந்தை எடுக்க வேண்டும். வலி எழும் வேளையில் இரைப்பை மந்தமாகி, விழுங்கிய குளிசை உடலிற் சேரத் தாமதமாவதை 1970களின் ஆய்வுகள் காட்டின. சத்தியை நிறுத்தும் மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது இதனாற்றான். வலி வந்த நாள்களையும் மருந்து எடுத்த நாள்களையும் நாட்காட்டியில் குறித்துவர வேண்டும். நாள்கள் பெருகினால் வலிநிவாரணியைக் கூட்டாமல், புரோப்பிரனலோல், அமிட்ரிப்டிலின் போன்ற தடுப்பு மருந்துகளைப் பற்றி வைத்தியரிடம் கேட்க வேண்டும். இதய நோய் உள்ளோருக்கு எர்கொட்டமைனும் டிரிப்டானும் ஆகா. நெடுநாள் எடுத்த மருந்தை நிறுத்துவதும் வைத்தியரின் அறிவுரையோடு நடைபெற வேண்டியது.

வைத்தியசாலைக்கு உடனே செல்ல வேண்டிய வேளைகளும் உண்டு. இடி விழுந்ததுபோலச் சடுதியாக எழும் கடும் வலி. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி. கைகால் சோர்வு, பேச்சுக் குழறல், மயக்கம். தலையில் அடிபட்ட பின் வரும் வலி. ஐம்பது வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் வலி. கர்ப்பகாலத்திற் புதிதாகத் தொடங்கும் வலி. தண்ணீரும் தங்காத வாந்தியோடு 72 மணித்தியாலத்தைத் தாண்டும் வலி. இவற்றில் எதற்கும் வேர்க்கொம்புப் பற்று மாற்றாகாது. 1984 இல் மூன்று நாள் வலியோடு அம்மாவைக் கூட்டிப் போனது பிழையன்று. அங்கே ஓர் இருண்ட மூலையும் ஓர் ஊசியும் சில நிமிட விளக்கமும் கிடைக்காமற் போனதே பிழை.

அம்மா 2011 ஆம் ஆண்டு காலமானார். கடைசி ஆண்டுகளில் வலி அவரை அதிகம் வாட்டவில்லை. அந்த 1993 ஆம் ஆண்டுக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கின்றது.

உலகில் இந்நோய் உள்ளோர் நூறு கோடிக்கு மேல் என மதிப்பிடப்படுகின்றது. அவர்களிற் பெரும்பான்மையோர் பெண்கள். லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து ஊரிலுள்ள தாய்க்கும் தமக்கைக்கும் வலிநிவாரணிப் போத்தல்களைப் பெட்டியில் வைத்து அனுப்பும் வழக்கம் நம்மவரிடம் இன்றும் உண்டு. 2022 ஆம் ஆண்டு மருந்துத் தட்டுப்பாட்டின்போது நானே சிலரைக் கேட்டு வாங்கியிருக்கின்றேன். அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் அந்தப் போத்தலின் மேல் தமிழில் ஒரு வரி எழுதி ஒட்டிவிடுங்கள்: மாதத்திற் பத்து நாளுக்கு மேல் இதைப் போட வேண்டிவந்தால், எனக்குச் சொல்லுங்கள், வைத்தியரிடம் போவோம். நான் அன்று அம்மாவுக்கு அனுப்பத் தவறியது அந்த வரியைத்தான்.